அதே மாத்திரை

"அந்தத் தலைவலி மாத்திரையைச் சாப்பிட்டுட்டீங்களா?" என்று மருந்துக்கடைக்காரர் போனில் கேட்டார்.

"இன்னும் இல்லையே. ஏன் கேக்கறீங்க?" என்றார் தையல்காரர்.

"நல்லதாப் போச்சு. கம்பெனியில அட்டை மாறிப்போச்சாம். தலைவலி மாத்திரை அட்டைக்குள்ள சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரையை வச்சுட்டாங்களாம். சர்க்கரை வியாதி இல்லாதவங்க போட்டா மயங்கி விழுந்துடுவாங்க."

மறுமுனையில் தையல் மெஷின் நின்றது.

"நான் சாப்பிடலைங்க. ஆனா இப்பவே மயக்கமா வருதே."

விற்பதை நிறுத்தி, விற்றதையும் திரும்ப வாங்கச் சொல்லி எல்லாக் கடைகளுக்கும் காலையில்தான் தகவல் வந்திருந்தது. மருந்துக்கடைக்காரர் மனசாட்சிக்குப் பயந்தவர். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். மதியத்துக்குள் கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. இருமல் மருந்து வாங்கியவர்கள் பாட்டிலோடு வந்தார்கள். ஓர் அம்மாள் எப்போதோ வாங்கிய களிம்பைக் கொண்டுவந்து, "இதுல எதைக் கலந்தீங்க?" என்று கேட்டார்.

குழப்பத்தைத் தீர்க்கக் கண்ணாடிக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார். 'இங்கே தலைவலி மாத்திரை வாங்கியவர்கள் உடனே திருப்பித் தரவும். உயிருக்கு ஆபத்து.' தவறு கம்பெனியுடையது என்பதை எழுத இடம் போதாமல் அடியில் பொடி எழுத்தில் நுணுக்கியிருந்தார். பெரிய எழுத்தை மட்டும் யாரோ படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பினார்கள். அவர் சாப்பிட வீட்டுக்குப் போவதற்குள் அது மனைவியின் போனுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"எல்லாக் கடையிலயும்தானே இந்த மாத்திரை இருக்கு? வேற யாராவது இப்படித் தொண்டை கிழியக் கத்தறாங்களா?"

"யாருக்காவது ஏதாவது ஆயிட்டா?"

"ஆயிட்டாத்தான் என்ன, எந்தக் கடையில வாங்கினதுன்னு யாருக்குத் தெரியும்? இப்ப ஊருக்கே தெரியும்."

நேரில் போய் விளக்கினால் புரிந்துகொள்வார்கள் என்று, பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் படியேறினார். பாதி வீடுகளில் ஜன்னல் வழியாகவே அட்டை வெளியே வந்தது.

"கம்பெனி மேல பழியைப் போடாதீங்க. எங்க கையில கொடுத்தது நீங்கதானே?" என்றாள் ஒருத்தி.

தையல்காரர் மட்டும் கதவைத் திறந்தார். பிரிக்காத அட்டையை நீட்டினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே உங்க கடைப் பக்கமே போகக் கூடாதுன்னு வீட்ல சொல்லிட்டாங்க."

எத்தனையோ வருஷமாக அளவெடுக்கத் தொட்டுப் பழகிய அந்தக் கை, மருந்துக்கடைக்காரரின் விரலில் படாமல் அட்டையைப் பைக்குள் போட்டது. படியிறங்கும்போது அவருக்குக் கண் கலங்கியது. இருந்தாலும் ஓர் அட்டைகூடப் பாக்கியில்லாமல் வாங்கிவிட்டோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

"தையல்காரர் மெஷின் மேலயே சரிஞ்சுட்டார். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிடுச்சாம். இப்ப திருப்திதானே உங்களுக்கு?"

"அவர் சாப்பிடவே இல்லைங்க. இதோ பாருங்க, அவர் கொடுத்த அட்டை. ஒண்ணுகூடக் கிழிக்கலை."

"ஏதோ ஒரு அட்டையைக் காட்டினா நம்பிடுவோமா?"

அட்டையைக் கையில் பிடித்தபடி அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கூட்டமும் பின்னாலேயே வந்தது. வராந்தா பெஞ்சில் தையல்காரரின் மகள் உட்கார்ந்திருந்தாள். அப்பா கண் திறந்துவிட்டார், குளுக்கோஸ் ஏறுகிறது என்றாள். மருந்துக்கடைக்காரருக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும்போல் இருந்தது.

"நீயே சொல்லும்மா, இவங்களுக்குக் கேக்கற மாதிரி. உங்கப்பா என் மாத்திரையைச் சாப்பிட்டாரா?"

அவள் முகத்தைச் சுளித்தாள்.

"உங்க மாத்திரையை யாரு தொடுவா? நீங்க வந்துட்டுப் போன கவலையில அவருக்குத் தலைவலி மண்டையைப் பொளந்துச்சு, உங்க எதிர்க்கடையில போய் அதே மாத்திரையை வாங்கிட்டு வந்தாரு, அந்தக் கடையைப் பத்தித்தான் யாரும் எந்தக் குறையும் சொல்லலையே."