வெள்ளைக் காடையும் சாஸ்தா கோவில் பொங்கலும்

தாராவி, பம்பாய்
20-2-64

மரியாதைக்குரிய பெரிய அத்தான் வானமாமலை அவர்களுக்கு, காலஞ்சென்ற உங்கள் தம்பி நம்பிராஜன் பெண்டாட்டி சண்முகவடிவு தெண்டனிட்டு எழுதுவது. நான் நலம் என்று எழுத இது காலமில்லை. அங்கே எல்லாரும் சுகமா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கடிதாசி கிடைத்தது. எங்கள் மகள் பாப்பாவுக்குப் பூனைக்கண், அது நம் வம்சத்திலேயே கிடையாது, ஆகவே பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவில் பொங்கலில் அவளைச் சேர்க்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இருந்திருந்தால் எழுதியிருப்பீர்களா? இருக்கட்டும். தோல் கம்பெனியிலிருந்து வந்ததும் அவர் என் முகத்தைப் பார்க்குமுன் தாம் வளர்த்த காடைக் கூண்டைத்தான் பார்ப்பார். அந்தக் காடை ஜோடி இன்னும் இருக்கிறது. சேவலுக்குத் தொண்டையில் கறுப்பு, பெட்டைக்கு நெஞ்செல்லாம் புள்ளி, இரண்டும் தவிட்டு நிறம். அவர் போனபிறகு பெட்டை முட்டையிட்டது. கூண்டுக் காடை அடைகாக்காதாம். இங்கே கோலி என்கிறார்களே, அந்தப் பக்கத்து அறையில் காடை வளர்த்து விற்கிற முகம்மது ஹனீப் பாய் முட்டைகளை எடுத்துப்போய்த் தன் கோழிக்கு அடியில் வைத்தார். பொரிந்த குஞ்செல்லாம் வரிவரியாக இருக்க, ஒன்று மட்டும் மஞ்சளாக வந்து, இறகு முளைத்தால் சுத்த வெள்ளை. குழாயடியில் சொர்ணம்மாள், "வெள்ளச்சீல கட்டுன வீட்ல காடையும் வெள்ளச்சீல கட்டிட்டுல்லா" என்றாள். குடத்தைப் போட்டுவிட்டு அழுதேன். ஹனீப் பாய்தான், "அழாதிய தங்கச்சி. நெறம் ரத்தத்துல ஒளிஞ்சு கெடக்கும். ஒரு பக்கம் மட்டும் வெள்ள இருந்தா தவிட்டு நெறம் அத மூடிப்போடும். தாய், தகப்பன் ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் வெளிய வரும்" என்றார். எனக்கு அழுகை நின்னுட்டு. அப்போ பூனைக்கண்ணும் அப்படித்தான? என் பக்கம் பாதி, உங்க பக்கம் பாதி. உங்க பாதிய யாரு ஒளிச்சு வச்சிருந்தாவன்னு நான் கேக்க மாட்டேன். நம்பலைன்னா ரயிலேறி வந்து பாருங்க, அந்தக் காடைதான் சாட்சி.

அக்காளுக்கும் பிள்ளைகளுக்கும் சாஸ்தா ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
சண்முகவடிவு

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஹனீப் பாய் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். அப்பன் போன பிள்ளை கொஞ்சம் சிரிக்கட்டும் என்று, மான்குர்த்தில் தன் மச்சான் வளர்க்கும் வெள்ளைக் காடையின் முட்டை ஒன்றையும் கோழிக்கு அடியில் சேர்த்து வைத்தாராம். "நான் சொன்ன விசயம் நெசம் தங்கச்சி, முட்டைதான் பொய்" என்கிறார். ஆகவே மேலே எழுதிய சாட்சியை அடித்துவிடுங்கள். பாப்பா உங்க தம்பி மகதான்; அதுக்கு என் சொல்லைத் தவிர வேறே சாட்சி இல்லை. ஆனா அந்தக் குஞ்சைக் கூண்டுல விட்டோம். வேற நிறம்னு நம்ம சேவலும் பெட்டையும் அதக் கொத்தலை அத்தான். நடுவுல போட்டுப் படுத்திருக்கு. அதையாவது வந்து பாருங்க.