கட்டத்துக்கு வெளியே கடல்

மனிதர்களில் அளக்கிறவர்கள் என்று ஒரு சாதி உண்டு. பிறப்பால் வருகிற சாதியல்ல. ஒரு கால்குலேட்டர் வாங்கினால் போதும், சேர்த்துக்கொள்வார்கள். எடைபோட முடிந்ததெல்லாம் உண்மை, முடியாததெல்லாம் வதந்தி என்பது இவர்களுடைய வேதம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்றால் கிளமெண்டியில் ஒன்பதாம் மாடிக்குப் போய் அற்புதராஜ் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எத்தனை தட்டு என்று எண்ணிக்கொண்டே வந்து திறப்பார்.

பஸ் எத்தனை விநாடி தாமதம் என்று குறித்துவைப்பார்; தேநீருக்குப் போடும் சர்க்கரையைக் கரண்டியின் மேல் கத்தியால் வழித்துச் சமப்படுத்துவார்; ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியாரின் பிரசங்கம் எத்தனை நிமிடம் என்று பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதுவார். என்ன பிரசங்கம் என்று கேட்காதீர்கள். எதிர்வீட்டு லாசரஸ் இறந்தபோது அவர் மனைவியிடம் போய், "நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தாங்கம்மா. நல்ல எண்ணிக்கை" என்றார். அதை ஆறுதல் என்றே நம்பினார்.

இந்தச் சாதியாருக்கு ஒரு சடங்கு உண்டு. எதை அளக்கப்போனாலும் முதலில் காகிதத்தில் ஒரு கட்டம் போடுவார்கள். உள்ளே இருப்பதை அளப்பார்கள். வெளியே இருப்பது இல்லவே இல்லை. ஒருமுறை வீட்டு மீன் குழம்புக்கு ஆகும் செலவை அற்புதராஜ் கணக்கிட்டார். கேஸ், புளி, தேங்காய், பஸ் கட்டணம் எல்லாம் இருந்தன. "தேக்கா மார்க்கெட் போய் மீனைத் தூக்கிட்டு வந்து, கழுவி, அறுத்து, அடுப்படியில நிக்கிற என் ரெண்டு மணி நேரம் எங்கங்க?" என்று மனைவி பிரிஜட் கேட்டாள்.

"அது கட்டத்துக்கு வெளியே."

அன்று குழம்பில் உப்பு கட்டத்துக்கு வெளியே இருந்தது.

இப்படிப்பட்டவரிடம்தான் 1984இல் கடல் மாட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலைகளுக்கு மீன் அனுப்பும் ஒரு நிறுவனம் அற்புதராஜ் வேலை பார்த்த ஆய்வுக் கம்பெனியிடம் ஒரு கேள்வி கேட்டது. ஒரு கிலோ மீன் கடலிலிருந்து தட்டுக்கு வருவதற்குள் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு ஐஸ், எவ்வளவு விரயம்? இயற்கைக்கு யாரால் குறைந்த கெடுதல்? அவர்களிடம் மட்டும் வாங்குவோம். நல்ல கேள்வி. கேட்டவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. நல்ல கேள்விகளைக் கொண்டுபோய்ப் புதைப்பதற்குத்தானே இப்படி நிபுணர்கள் இருக்கிறார்கள்?

ஒரு பக்கம் பெரிய இழுவைப் படகுகள் வைத்திருந்த ஒரு கம்பெனி. மறுபக்கம் பாசிர் ரிஸ் கரையில் தூண்டில் போட்டுப் பிழைத்த பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருவர் முகம்மது யூசுப். நாள் ஒன்றுக்கு இருபது கிலோ கரைக்குக் கொண்டுவருவார். பதினைந்து கிலோ பள்ளிக்கூட நிறுவனத்துக்கு, மிச்சம் தேக்கா மார்க்கெட்டில் நெய்னா முகம்மது கடைக்கு. அந்தப் பதினைந்து நின்றால் படகும் நிற்கும். யூசுப்புக்கு அது தெரியும். அற்புதராஜுக்கும் தெரியும், யூசுப்பே சொன்னார்.

அற்புதராஜ் கட்டம் போட்டார். படகின் இஞ்சினில் தொடங்கிப் பிள்ளைகளின் தட்டில் முடிந்தது. கடல் வெளியே நின்றது. கடலுக்கு மீட்டர் கிடையாது, ரசீது கிடையாது. அதை எப்படி உள்ளே விடுவது?

ஒரு காலையில் யூசுப்பின் படகில் அவரும் போனார், வில்தராசும் குறிப்பேடுமாக. யூசுப் தூண்டிலை இழுப்பதும், சங்கரா மீனைக் கூடையில் போடுவதும், விரல்நீளக் குஞ்சு வந்தால் முள்ளை மெல்லக் கழற்றித் திரும்ப நீரில் விடுவதுமாக இருந்தார்.

"பாய், அதைக் கொடுங்க. எடை பார்க்கணும்."

"விடுற மீன் சார் இது."

"விட்டா விரயம் லா. கையில வந்த மீனு."

யூசுப் சிரித்தார். "ரெண்டு வருசம் கழிச்சு வந்து பாருங்க, இதே மீன் உங்க முழங்கை நீளம் இருக்கும். முட்டை போட்டிருக்கும். அதுல எதையாச்சும் உங்க பேப்பர்ல எழுத எடம் இருக்கா?"

"அது கட்டத்துக்கு வெளியே, பாய்."

"கடல்ல உட்கார்ந்துக்கிட்டு, கடல் வெளியேன்னு சொல்றீங்க."

அற்புதராஜ் பேனாவைத் திறந்தார். எழுதினார். 'பிடித்தது இருபத்தைந்து கிலோ. கரை சேர்ந்தது இருபது. விரயம் ஐந்தில் ஒரு பங்கு. எண்ணெய் பதினான்கு லிட்டர்.'

அடுத்த நாள் இழுவைப் படகு. நாற்காலி போட்டார்கள், கோப்பி கொடுத்தார்கள். ஆயிரம் கிலோ இறங்கியது. அதில் மனிதர் தின்னும் மீன் நானூறு கிலோ; மற்ற அறுநூறும் கட்டைவிரல் பருமன் குஞ்சுகள், நசுங்கிக் கூழாகி, வாத்துப் பண்ணைக்குப் போகிற லாரியில் மண்வெட்டியால் அள்ளிக் கொட்டப்பட்டன. அற்புதராஜ் ஒரு கணம் பேனாவை நிறுத்தினார்.

"வாத்துக்குப் போறதும் மீன்தானே சார்? ஒண்ணையும் நாங்க வீணாக்கிறதில்லை" என்றார் மேனேஜர்.

நியாயம்தானே? அற்புதராஜ் கால்குலேட்டரைத் தட்டினார். எண்ணெய் ஐந்நூறு லிட்டர், மீன் ஆயிரம் கிலோ. கிலோவுக்கு அரை லிட்டர். யூசுப்புக்குக் கிலோவுக்கு முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இழுவைப் படகின் விரயம் சுழி. குஞ்சுகளைக் கொல்லக் கொல்ல எடை கூடும். எடை கூடக்கூட எண் அழகாகும். உயிரோடு கடலில் விட்டவர் ஊதாரி, கூழாக்கி வாத்துக்குப் போட்டவர் இயற்கையின் நண்பர். மந்திரவாதிகூட இதற்குத் திரை போட்டுக்கொள்வான். இவர் பகல் வெளிச்சத்தில் செய்தார்.

இழுவைப் படகுக் கம்பெனி கொடுத்த இன்னொரு பட்டியலும் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கூடையில் முப்பது சங்கரா. இப்போது அதே கூடையில் தொண்ணூறு. அதற்கு நேரே 'எண்ணிக்கையில் முன்னேற்றம்' என்று எழுதினார் அற்புதராஜ். எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கூடை வளரவில்லை. அப்படியானால் மீன்? நானூறு கிலோவை மட்டும் வைத்து வகுத்தால் இழுவைப் படகுக்குக் கிலோவுக்கு ஒன்றேகால் லிட்டர் என்பதும் அவர் கால்குலேட்டருக்குத் தெரிந்திருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார்.

இங்கேதான் வாசகரே, நான் இவரை மன்னிக்க மறுக்கிறேன். முட்டாளை மன்னிக்கலாம். இவர் முட்டாள் அல்ல. டைப் அடிக்கக் கொடுப்பதற்குமுன் ரப்பர் எடுத்து அந்தக் கேள்விக்குறியைத் துப்புரவாக அழித்தார். துகளை ஊதித் தள்ளினார். கட்டத்துக்கு வெளியே.

அறிக்கைக்குக் கைதட்டல் கிடைத்தது. வண்ணப் படங்கள், நாற்பத்தாறு பக்கம், புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம். அடுத்த மாதம் பாசிர் ரிஸ்காரர்களுக்குப் பள்ளிக்கூட நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் போயிற்று. 'எரிபொருள் விரயம் காரணமாக' என்று தொடங்கி, இனி உங்கள் மீன் வேண்டாம் என்று முடிந்தது. இழுவைப் படகுகள் வாரி எடுத்துப்போன கடலில், மிச்சத்தைத் தேடி வெகுதூரம் போனதற்காக எரிபொருள் விரயம் என்று பழி சுமந்தவர் யூசுப். திருடன் வீட்டைக் காலி செய்வான். வெறும் வீட்டைச் சுற்றித் தேடுகிறவனை விளக்குக்கான எண்ணெயை வீணாக்கினாய் என்று தண்டிப்பார்கள். எந்த ஊர் நீதி இது? நம்ம ஊர் நீதிதான். மூன்று இலக்கத் துல்லியத்தோடு.

யூசுப் இஞ்சினை விற்றார். பிறகு இழுவைப் படகுக் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்தார். என்ன வேலை என்கிறீர்களா? மண்வெட்டி வேலை.

இது பிரிஜட்டுக்குத் தேக்காவில் தெரிந்தது. வெள்ளிக்கிழமை மீன் வாங்கப் போனவள், "பெரிய சங்கரா இல்லையா பாய்?" என்று நெய்னா முகம்மதுவிடம் கேட்டாள்.

"யூசுப் கொண்டு வந்தாத்தாங்க பெருசு. அவர் படகை யாரோ ஒரு சார் பேப்பர்லயே மூழ்கடிச்சிட்டாராம்."

அந்த சார் யார் என்று பிரிஜட் கேட்கத் தேவையிருக்கவில்லை. நாற்பத்தாறு பக்கமும் அவள் வீட்டு அலமாரியில், பிளாஸ்டிக் உறை போட்டு இருந்தது.

அன்று சாப்பாட்டில் அற்புதராஜின் தட்டில் சங்கரா விழுந்தது. ஒன்றல்ல, மூன்று. ஒவ்வொன்றும் அவர் பேனா நீளம்.

"என்ன பிரிஜட், வெறும் முள்ளா இருக்கு?"

"முன்னெல்லாம் தட்டுக்கு ஒண்ணுதானேங்க வைப்பேன். இப்ப மூணு. முன்னேற்றம்தானே?"

அவர் முள்ளை எடுத்து வைத்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். பழக்கம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம் மார்க்கெட்டில், உள்ளங்கையளவு மீனைப் பார்த்து, 'சின்ன மீன்னா ருசி' என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டு வாங்கினீர்களே, அதற்குமுன் ஒரே ஒரு கணம் தயங்கினீர்கள். பென்சில் கேள்விக்குறி. அதை எந்த ரப்பரால் அழித்தீர்கள்? சொல்ல வேண்டாம். அற்புதராஜ் பதவி உயர்ந்து ஆபீஸ் மேல்மாடிக்குப் போய்விட்டார். அவருடைய பழைய மேசை காலியாக இருக்கிறதாம், அனுபவமுள்ளவர்களைத் தேடுகிறார்கள்.