இரட்டைக் கோரும் ஒரு தலைவரும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு எடுத்த மிகப் பொறுப்பான முடிவு, 2007ஆம் ஆண்டு, இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் எடுக்கப்பட்டது. தோட்டப் பிள்ளைகளின் 'அறிவு வளர்ச்சி'க்கு யாரோ புண்ணியவான் கொடுத்த நன்கொடையில் எந்தப் புரொசசர் போட்ட கம்ப்யூட்டர் வாங்குவது? தொழிற்சங்கத் தலைவர் சோலைமலை தன்னந்தனியாகக் 'கூடி', ஏகமனதாகத் தீர்மானித்து, ஹட்டனுக்கு பஸ் ஏறினார்.

அங்கே ஒரு கம்ப்யூட்டர் கடையில் கார்ப்பந்தய விளையாட்டைப் பார்த்த நாளிலிருந்தே பிள்ளைகளின் எதிர்காலம் அவர் தூக்கத்தைக் கெடுத்துவந்தது.

கடைக்காரர் ஜெயதீபன் யாழ்ப்பாணத்தவர். வியாபாரத்துக்கு ஒவ்வாத நேர்மைக்காரர். "பிள்ளையள் படிக்கிறதெண்டால் சாதாரண புரொசசரே காணும், அண்ணை. இந்தக் காசுக்கு மூண்டு கம்ப்யூட்டர் எடுக்கலாம்."

"படிப்ப விடுங்க சார். வளைவுல காரு சிக்காம ஓடணும். அதுக்கு எது?"

"அதுக்கு ரெண்டு கோர் உள்ளது வேணும். ரெண்டு மூளை மாதிரி."

"தலைவருக்கு ஒண்ணு, செயலாளருக்கு ஒண்ணு. சரியாப் போச்சு. சூடாகுமா?"

"விளையாடேக்க நல்லாச் சூடாகும்."

"ஆகட்டும். எங்க குளுருக்கு நல்லதுதான்."

இருபது வருடமாகக் கோரிக்கை வைத்தே கை சலித்த தலைவர், அன்றுதான் இரட்டைக் 'கோரை'யே கையில் வாங்கினார்.

வாசிகசாலையில் கம்ப்யூட்டர் எழுந்தருளியது. 'பரிசோதனை' முடியும்வரை பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. எட்டு மாதமாகியும் தலைவர் தளராமல் பரிசோதித்தார்.

ஒரு மழை நாளில் கொழுந்தெடுக்கும் மீனம்மா நனைந்த தலையோடு ஓடிவந்தாள்.

"தலைவரே, தண்ணி ஓடுற கான் வெட்டப் போன எம்புருசன் வழுக்கி விழுந்து கால ஒடிச்சுக்கிட்டாருங்க. அம்புலன்ஸ் பாலத்தத் தாண்டி மேல வர மாட்டேங்குது. ரோடெல்லாம் பள்ளம். பொம்பளைங்க நாங்களே கம்பளியில தூக்கிட்டு வர்றோம். நீங்களும் ஒரு கை புடிங்க."

தலைவரின் இரண்டு கையும் அரும்பணியில் இருந்தன. "ஒரு நிமிசம், மீனம்மா. கடைசிச் சுத்து."

வெளியே கம்பளிக்குள் அவள் புருஷன் மூக்கன் முனகினான். திரையில் சிவப்புக் கார் ஒரு குலுக்கலும் இல்லாமல் பறந்தது.

"எப்புடி வழுக்கிக்கிட்டு ஓடுது பாத்தியா? எல்லாம் நான் பாத்து எடுத்த புரொசசர்!"

மீனம்மா பார்த்தாள். கம்பளியின் முனையைப் பிடிக்கத் திரும்பியவள் கேட்டாள்:

"காரு நல்லாத்தான் ஓடுதுங்க. அந்த ரோட்டுக்கு யாருங்க தலைவரு?"