ஆகவேயார் பதினேழாம் வினாவை வென்ற படலம்

இருபத்தோராண்டுகள் பொதிகளின் முதுகில் முத்திரை குத்தித் தேய்ந்த வலக்கரம் உடையவரும், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசையடியில் தேடும் பேராற்றல் வாய்ந்தவரும், இரண்டு செய்திகள் செவியில் விழுந்த மாத்திரத்தில் மூன்றாவதைத் தாமே ஈன்றெடுத்து “ஆகவே...” என்று முழங்குவதால் அஞ்சலகமெங்கும் ஆகவேயார் என்று ஏத்தப்படுபவருமான பொதிப்பிரிவு எழுத்தரே, வாழி! உமது பெரும்போரைப் பாடப் புகுந்தோம். நாவே, தடுமாறாதே. சிரிப்பே, கொஞ்ச நேரம் வெளியே நில்.

போரின் காரணம் கேளுங்கள். மேற்பார்வையாளர் தேர்வு என்னும் கோட்டையை எம் தலைவர் மும்முறை முற்றுகையிட்டு மும்முறையும் மண்ணைக் கவ்வியவர். ஒவ்வொரு முறையும் அவரை வீழ்த்தியது ‘இது நடந்தால் அது நடக்கும்’ என்று தொடங்கும் வினாக்களின் கூட்டமே. இதற்கிடையில், அவருக்கு எட்டாண்டு பின்னால் வேலைக்குச் சேர்ந்த மனைவியின் தம்பி முதல் முயற்சியிலேயே மதிலேறிக் குதித்து, பொதிப்பிரிவு மேற்பார்வையாளராகவே அமர்ந்துவிட்டான். வீட்டில் மாமா வந்தால் எழுந்து நிற்கும் அதே மைத்துனன் முன்னால், காலைதோறும் மாமா நின்றுகொண்டு வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். பல்வலிக்கு அரைநாள் விடுப்பு வேண்டுமென்றாலும் அவனிடம்தான் கேட்க வேண்டும். மானமுள்ள மனிதர் எத்தனை நாள் பொறுப்பார்?

அவர் அறிவின் கூர்மைக்கு ஒரு சான்று. பெரிய அதிகாரி வந்தால் வாசலில் நீலநிறக் கார் நிற்கும். இது ஊரறிந்த உண்மை. ஒருநாள் நீலநிறக் கார் நின்றது. “ஆகவே அதிகாரி வந்துட்டார்!” என்று எம் தலைவர் அறைகூவினார். முப்பத்திரண்டு பேர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி, இரண்டு மணி நேரம் மூச்சுவிடாமல் வேலை பார்த்தார்கள். அந்தக் கார், அச்சு இயந்திரம் பழுதுபார்க்க வந்தவருடையது.

நான்காம் படையெடுப்புக்குப் பயிற்சி கொடுத்தவர் அவருடைய மனைவி. ‘மழை பெய்தால் மாடியில் துணி நனையும்’ என்று பயிற்சி நூல் தொடங்கியதும், அம்மையார் இடுப்பில் வாளியோடு கேட்டார்:

“என்னங்க, மாடியில துணி நனைஞ்சிருக்கு. மழை பெஞ்சுதா?”

“பெஞ்சிருக்கு. ஆகவே...”

“ஒரு ஆகவேயும் இல்ல. இப்பதான் துவைச்சுக் காயப்போட்டுட்டு வரேன். துணி காய்ஞ்சு கிடந்தா மழை இல்லைன்னு அடிச்சுச் சொல்லலாம். நனைஞ்சு கிடந்தா எதையும் சொல்ல முடியாது. தலையில ஏறுதா?”

ஏறியது. எம் தலைவர் மாடியேறி, கொடியில் சொட்டிக்கொண்டிருந்த தம் பனியனைத் தொட்டுப் பார்த்தார்.

போர்நாள் விடிந்தது. மேலே விசிறி முனக, கீழே கால் ஆடும் மேசைக்குக் காகிதம் மடித்து முட்டுக்கொடுத்து, கூர்முனைப் பென்சிலேந்தி வீற்றிருந்த வீரர் முன்னே, பதினாறு வினாக்கள் புறமுதுகிட்ட பின், பதினேழாம் வினா தொடைதட்டி எழுந்தது: ‘மின்சாரம் நின்றால் மின்தூக்கி நிற்கும். மின்தூக்கி நின்றுவிட்டது. எனில்?’ முதல் விடையாக ‘மின்சாரம் நின்றுவிட்டது’ என்னும் மாயக்காரி நின்றாள். மும்முறை அவரைக் கவிழ்த்த அதே பழைய சிரிப்பு. பென்சில் அவளை நோக்கித் தாழ்ந்தது. அந்த நொடியில் ஈரப்பனியன் ஒன்று அவர் மனக்கண்ணில் சொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசியில் யாரும் சீண்டாமல் கிடந்த ‘உறுதியாகக் கூற இயலாது’ என்னும் ஏழை விடையின் வட்டத்தைக் கருமை பொங்க நிரப்பினார். வெற்றி! வானம் பூச்சொரியவில்லை, கண்காணிப்பாளர் கொட்டாவி விட்டார்.

முடிவு வந்தது. அறுபத்து மூன்று. பலகையில் அறிவிப்பும் இருந்தது: ‘அறுபது மதிப்பெண்ணுக்குக் குறைந்தால் பதவி உயர்வு இல்லை.’ எம் தலைவர் இருமுறை படித்தார். மார்பு விரிந்தது. பதவி நாற்காலிக்கென்று மனைவி தைத்துக் கொடுத்து, மூன்றாண்டாகப் பையிலேயே காத்திருந்த மெத்தையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பக்கத்துப் பிரிவில் காலியாக இருந்த மேற்பார்வையாளர் நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு மைத்துனன் மேசைக்கு நடந்து, முப்பத்திரண்டு பேரும் கேட்கப் பிரகடனம் செய்தார்:

“அறுபதுக்குக் குறைஞ்சா பதவி உயர்வு இல்ல. எனக்குக் குறையல. ஆகவே, மாப்ள, நாளையிலேர்ந்து உன் பதிவேட்டுல என் கையெழுத்து இருக்காது!”

மைத்துனன் எழுந்து நின்றான். அலுவலகத்தில் அவருக்காக அவன் எழுந்தது அதுவே முதல் முறை.

“மாமா...” என்றான் மெதுவாக. “குறைஞ்சா இல்லைன்னுதான் போட்டிருக்கு. குறையலேன்னா உண்டுன்னு எங்க போட்டிருக்கு? இருக்கிறது ஒரே இடம். தபால் பிரிவு அக்கா எழுபத்தெட்டு எடுத்திருக்காங்க.”

பதினேழாம் வினாவை வென்ற மாவீரர், வினாத்தாளில் இல்லாத அதன் தங்கையிடம் வீழ்ந்தார். ஆகவே என்ற சொல் அன்றைக்கு வெளியே வரவில்லை. இவ்வளவு நேரம் கேலி பேசிய எமக்கே, சொல்லப்போனால், நெஞ்சு வலித்தது. முப்பத்திரண்டு பேரும் ஒரே சமயத்தில் பொதிகளை எண்ணத் தொடங்கினார்கள்.

மறுநாள் ஒன்பதே காலுக்கு வந்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மெத்தையைத் தம் பழைய நாற்காலியிலேயே போட்டு உட்கார்ந்தார்.