எக்ஸைத் தொலைத்தவர்

சமன்காரர் என்று ஒரு வகை மனிதர் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். வரும்போது கணக்குப் பாடத்திலிருந்து ஒரே ஒரு வரியைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்: சமன்பாட்டில் இந்தப் பக்கம் எதைச் செய்தாலும் அந்தப் பக்கமும் அதையே செய்.

நம் கடைசல் பட்டறைக்காரர் அந்த வகையில் முதல் தரம். தாமதமாக வந்தவனைத் திட்டினால், நேரத்துக்கு வந்தவனையும் கூப்பிட்டு அதே அளவு திட்டுவார். மகன் தலையில் பேன் என்று மொட்டை அடித்தால், மகளின் சடையும் அன்றைக்கே போய்விடும். அம்மாவுக்கும் மனைவிக்கும் சண்டை வந்தால் நியாயம் யார் பக்கம் என்று கேட்க மாட்டார், இருவரோடும் பேச்சை நிறுத்திவிடுவார். கேட்டால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமே?

அவருடைய பிள்ளைகள் இரட்டையர். வெளியூர்க் கல்லூரியில் மகளுக்கு இடம் கிடைத்தது. மகனுக்குக் கிடைக்கவில்லை. மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இருவரும் பட்டறைக்கு வந்து நின்றார்கள்.

"அவன் போகல. நீயும் போக வேணாம். வீடு சரிசமமா இருக்கட்டும்," என்றார், எண்ணெய்க் கையைத் துடைத்தபடி.

மகள் அழவில்லை. சாக்கட்டியை எடுத்து, கிடந்த இரும்புத் தகட்டில் எழுதினாள்: இரண்டு எக்ஸ் சமம் பத்து.

"எக்ஸ் எவ்வளவுப்பா?"

"அஞ்சு. எனக்குத் தெரியாதாக்கும்."

"இப்ப ரெண்டு பக்கத்தையும் பூஜ்யத்தால பெருக்குங்க."

எழுதியிருந்ததை அழித்துவிட்டுப் பெருக்கி எழுதினார். பூஜ்யம் சமம் பூஜ்யம். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"பாத்தியா, துளிகூட சாயல."

"சாயலதான். எக்ஸ் எங்கப்பா?"

தகட்டின் மேல் குனிந்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். "இங்கதானே இருந்துச்சு."

"அந்த எக்ஸ்தாம்ப்பா நான்."

பட்டறைக்காரர் மூக்கைச் சொறிந்தார். தாடையைச் சொறிந்தார். சொறிய வேறு இடம் இல்லாமல் போனதும், "சரி, வர்றேன்னு சொல்லிடு," என்றார்.

அவள் போனில் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"டேய், நீயும் துணிமணிய எடுத்து வை."

"நான் எங்கப்பா போறது?"

"எனக்கென்ன தெரியும்? அவ போறால்ல."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் விருந்தாளிகள் முன்னால் ஒரு பிள்ளை அழகாகப் பாடி முடித்ததும், பாட்டே வராத இன்னொன்றை 'நீயும் ஒண்ணு பாடு' என்று எழுப்பி நிறுத்தினாரே ஒருவர்? அந்தப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், அவர் யாரென்று. உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.