புத்தகத்துக்கு ஒரு வலது செருப்பு

திருகோணமலைத் துறைமுகத்தில் எத்தனையோ நாட்டுக் கப்பல்கள் வந்து நின்றிருக்கின்றன; எத்தனையோ கொடிகளின் கீழ் எத்தனையோ துரைமார் இறங்கி அதிகாரம் பண்ணியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவராலும் செய்ய முடியாத காரியத்தை வலக்கால் நானா செய்தார். ஊரிலே படித்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட பாதிப்பேரை ஒற்றைச் சப்பாத்தோடு நடக்கவைத்தார்.

நானாவுக்குக் கால் ஒன்றுதான். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல் கட்டும் துறையில் வேலை செய்தபோது, அறுந்து வீசிய இரும்புக் கயிறு ஒன்று இடது காலைக் கொண்டுபோய்விட்டது. யாராவது இரக்கப்பட்டு அதைப் பற்றிக் கேட்டால் அவருக்குப் பிடிக்காது.

“கால் போனதுக்கு நான் அழல்ல தம்பி. செருப்புக் கடைக்காரன் ஒத்தையா விக்கமாட்டன் எண்டு நிக்கிறான் பாருங்க, அதுக்குத்தான் அழுற. இல்லாத காலுக்கும் சேத்து நான் ஏன் வாங்கணும்?”

இந்த அநியாயத்துக்குப் பழிவாங்க அவர் கண்டுபிடித்த வழிதான் அந்தப் புத்தக வியாபாரம்.

வெளியிலிருந்து ஒன்றும் வராத காலம் அது. பாணுக்கு வரிசை, சீனிக்கு வரிசை. தமிழ்நாட்டுப் புத்தகம் ஒன்றைக் கடையில் கண்டால் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருக்கும். வாங்க முடியாது. என்னிடம் ஒரு முறை இருந்தது. கந்தோர் வேலை விட்டதும் புத்தகக் கடைக்குப் போய், நின்ற நிலையில் சில பக்கம் வாசித்துவிட்டு, அடையாளத்துக்கு பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்துவிட்டு வருவேன். ஒருநாள் போய்ப் பார்த்தால் என் டிக்கெட்டுக்குப் பின்னால் வேறு யாரோ வெற்றிலைக் காம்பு ஒன்றைச் செருகியிருந்தார்கள். அந்தக் காம்பு நாளுக்கு நாள் என்னை முந்திக்கொண்டு போனது. கதை ஒரு கொலைக் கதை. கொலைகாரனைப் பிடிக்க ஓர் அத்தியாயம் இருக்கும்போது எந்தப் பாவியோ காசு கொடுத்து அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதே புத்தகம் நானாவிடம் இருப்பதாக ஒருவர் காதில் சொன்னார். சொல்லும்போது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார். அப்போதே எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது.

காரணம் இதுதான். நானா சிறிய தோணி ஒன்றில் வாழைப்பழமும் புளித் தேசிக்காயும் ஏற்றிக்கொண்டு, நங்கூரமிட்ட கப்பல்களைச் சுற்றி வருவார். கப்பல்களில் தமிழ் மாலுமிகள் இருப்பார்கள். வாசித்து முடித்த புத்தகங்களை வைத்து அவர்கள் என்ன செய்வது? நானா கீழே நின்று கூப்பிடுவார். ஒரு சீப்புக் கதலிக்கு ஒரு நாவல். துப்பறியும் கதை என்றால் சீப்போடு கொஞ்சம் தேசிக்காயும் சேர்த்து மேலே போகும். கூடை இறங்கும், புத்தகம் வரும். சல்லிக்காசு கைமாறாது. ஆனால் கப்பலிலிருந்து அனுமதியில்லாமல் ஓர் ஊசி இறங்கினாலும் அது கள்ளச் சாமான். அப்படி இறங்காமல் பார்க்கிற கந்தோரில்தான் அடியேன் கிளாக்கராக இருந்தேன். என் நியமனம் நிரந்தரமாவதற்கான கடிதம் எந்த நேரமும் வரலாம் என்ற நிலை.

போகக்கூடாது என்று தீர்மானித்தேன். அன்று பின்னேரமே போனேன்.

உட்துறைமுக வீதிக்குப் பின்னால் தகரம் வேய்ந்த சின்ன வீடு. நானா கதிரையில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தார். சுவரோரம் புத்தகங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் செருப்புகளும் சப்பாத்துகளும் வரிசையாக. எல்லாம் வலது.

“வாங்க தம்பி. எங்க வேலை?”

சொன்னேன். நானா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அப்போதே சந்தேகித்தேன். இவர் இரகசியப் பொலிசாக இருப்பாரோ? இடது காலை மடித்துச் சாரத்துக்குள் கட்டியிருக்கிறாரோ என்றுகூட ஒருமுறை குனிந்து பார்த்தேன்.

“என்ன தேடுறீங்க? கால் இஞ்ச இல்ல, கடலுக்க கிடக்கு,” என்றார். “புத்தகம் வேணுமெண்டா வலது சப்பாத்தக் கழட்டி வைங்க.”

“இடதை வைச்சால் என்ன நானா?”

“இடது எனக்கு எதுக்கு? வெள்ளிக்கிழமை எடுத்தா அடுத்த வெள்ளிக்கிழமை புத்தகம் வரணும். வந்தா சப்பாத்து உங்களுக்கு. வராட்டி எனக்கு. நான் போட்டுக்கிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவன்.”

இதுதான் அவருடைய சட்டம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காதவனின் செருப்பை மாட்டிக்கொண்டு, ஊன்றுகோலோடு கடைத்தெரு முழுக்க ஒரு சுற்று வருவார். ஊரே அவர் முகத்தை விட்டுவிட்டுக் காலைத்தான் பார்க்கும். “இந்தக் கிழமை ஆருடையது?” இறக்கக்கண்டி மீன் முதலாளி ஒருவரின் கனத்த தோல் செருப்பு ஒரு வெள்ளிக்கிழமை ஊர்வலம் போனது. அன்று பொழுதுபடுவதற்குள் முதலாளி நல்ல பாரை மீன் ஒன்றையும் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்ததாகக் கதை.

என் ஒரே கறுப்புச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கொலைகாரனை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

“இஞ்சருங்கோ, மற்றச் சப்பாத்து எங்கை?” என்றாள் மனைவி.

“தைக்கக் குடுத்தனான்.”

“ஒண்டை மட்டுமோ?”

“ஒண்டுதானே பிஞ்சது.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் எந்தத் தெரு, எந்த வீடு, எந்தப் பெண் என்ற மூன்று கேள்விகளும் இருந்தன.

கந்தோருக்கு ஒற்றைச் சப்பாத்தோடு எப்படிப் போவது? வலது காலில் வெள்ளைத் துணி சுற்றிக் காயக்கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டிக்கொண்டே போனேன். அங்கே எங்கள் தலைமைக் கிளாக்கரும் வலது காலில் கட்டோடு இருந்தார். தபால் கட்டுகிறவருக்கும் வலது காலில் கட்டு. நாங்கள் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்தோம். ஒருவரும் ஒருவரிடம் காயம் எப்படி என்று விசாரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, இந்த ஊரில் காயக்கட்டுப் போட்டவர்களில் காயம் உள்ளவர்கள் குறைவு, வாசகர்கள்தான் அதிகம் என்று.

விளங்காதவர் ஒருவர் இருந்தார். கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த புது அதிகாரி. மனிதர் தன் நிழலையும் நிறுத்தி வைத்து விசாரிக்கிற ரகம். அவர் எங்கள் கால்களை வரிசையாகப் பார்த்துவிட்டுத் தலைமைக் கிளாக்கரிடம் ஆங்கிலத்தில் விளக்கம் கேட்டார். தலைமைக் கிளாக்கர் அசையாமல் சொன்ன பதிலின் தமிழ் இது:

“எறும்பு சேர். இந்தக் கடற்கரையில் ஒரு மாதிரி எறும்பு.”

“வலது காலை மட்டுமா கடிக்கும்?”

“நாங்கள் வலது காலை முதல் எடுத்து வைக்கிற ஆட்கள் சேர்.”

அதிகாரி தலையாட்டினார். நம்பினார் என்று நினைத்தோம். அவரோ அன்றே தபால் கட்டுகிறவருக்குப் பின்னால் ஆள் விட்டு, நானாவின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்த நாள் காலை கந்தோருக்குள் செய்தி வந்தது. நானாவின் வீட்டைச் சோதனை போடுகிறார்கள். புத்தகம் எல்லாம் வண்டியில் ஏறுகிறது. நானாவைப் பிடித்து அதிகாரியின் கந்தோருக்குக் கொண்டுவருகிறார்கள்.

நானா வீட்டில் கிடந்த என் சப்பாத்துக்குள்ளே என் பெயர் இருந்தது. கோயில் வாசலில் சப்பாத்து மாறிப்போகிறது என்று, என் மனைவி ஆணியைச் சூடுகாட்டி உட்பக்கத்து அடித்தோலில் என் பெயரை முழுதாக எழுதிவிட்டிருந்தாள். அவளுக்கு எழுத்து அச்சுப்போல அழகு. குருடனும் தடவிப் படித்துவிடுவான்.

தலையிடி என்று சொல்லிவிட்டு, கால் நோவுக்குரிய நொண்டலோடு வீட்டுக்குப் பறந்தேன். புத்தகத்தை முதலில் அரிசிப் பானைக்குள் வைத்தேன். பிறகு கோழிக்கூட்டுக்குள் வைத்தேன். கோழி என்னைக் காட்டிக்கொடுக்கும் போலக் கத்தியது. கடைசியில் பத்திரிகையில் சுற்றிக்கொண்டு, கடலில் போட்டுவிடுவது என்று மூதூர் லாஞ்சிப் படகு நிற்கிற ஜெட்டிக்குப் போனேன்.

லாஞ்சி போய் ஜெட்டி வெறுமையாக இருந்தது. கையை ஓங்கினேன். முதலிலிருந்து ஆறுதலாக வாசித்து வந்ததில் கடைசி அத்தியாயத்தை இன்னும் எட்டவில்லை என்ற நினைவு அப்போதுதான் வந்தது. வேலை போகப்போகிறது, கம்பி எண்ண மறியலுக்கும் போக நேரலாம். மறியலில் இருந்துகொண்டு கொலைகாரன் யாரோ என்று யோசிப்பது எவ்வளவு பெரிய தண்டனை! வாசித்துவிட்டு எறியலாம் என்று ஒரு கட்டையில் குந்தினேன்.

“என்ன காணும், இஞ்ச என்ன செய்யிறீர்?”

தலைமைக் கிளாக்கர். அவர் கக்கத்திலும் பத்திரிகையில் சுற்றிய பொதி ஒன்று.

“காத்து வாங்க வந்தனான் சேர். நீங்கள்?”

“நானும் காத்துத்தான்.”

அவர் என் பொதியைப் பார்த்தார். நான் அவர் பொதியைப் பார்த்தேன். அவர் மெல்லக் குனிந்து என் புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“அட, இதே? கொலை செய்தது அந்த டாக்குத்தர். சரி, இனி எறியும்.”

வாழ்க்கையில் நான் ஒரு மனிதனைக் கடலில் தள்ள நினைத்தது அந்த ஒரு தடவைதான்.

“நான் வரேக்க பாத்தனான்,” என்று அவர் குரலைத் தாழ்த்தினார். “நானாவைக் கந்தோர் விறாந்தையில கதிரை போட்டு இருத்தி வைச்சிருக்கிறாங்கள். காலில என்ன கிடக்கு தெரியுமே? உம்மட கறுப்புச் சப்பாத்து.”

“என்ரையோ?”

“ஓம். காலையில இருந்து கழட்டேல்லையாம்.”

ஒருவனுடைய செருப்பை நானா காலில் போட்டால் அவனைக் காட்டிக்கொடுக்கிறார் என்பது ஊரறிந்த விடயம். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் கிடக்கிறது. தவணை முடியாமலே என்னை மாட்டிவிட்டாரே! அத்தனை வலதுக்குள்ளும் என்னுடையதைத் தெரிந்தெடுத்துப் போட்டுக்கொண்டு, அதிகாரிக்கு முன்னால் காலை ஆட்டிக்கொண்டு இருக்கிறாரே! நான் முதல் நாளே சந்தேகப்பட்டேன், அந்தச் சிரிப்பு!

இப்படி நானாவை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருக்கும்போது, ஜெட்டிப் பலகையில் ஊன்றுகோலின் சத்தம் கேட்டது. நானாதான். தனியாக வந்தார். வழக்கத்தைவிடக் கூடுதலாக நொண்டினார்.

“அடையாளம் காட்ட வாறார்,” என்று நான் தலைமைக் கிளாக்கருக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர் எனக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார்.

“என்ன ரெண்டு பேரும் கண்ணாமூச்சி விளையாடுறீங்களா?” நானா கட்டையில் தொப்பென்று இருந்தார். “விட்டுட்டாங்க. பழைய புத்தகத்துக்கு என்ன வரி போடுற எண்டு அவங்களுக்கே தெரியல்ல. இனிக் கப்பல் பக்கம் போகக்கூடாதாம். புத்தகத்தை மட்டும் வெச்சிக்கிட்டாங்க.”

“செருப்பெல்லாம்?” என்றார் தலைமைக் கிளாக்கர்.

“ஊட்டுலதான் கிடக்கு. ‘இவ்வளவும் யாருட?’ எண்டு கேட்டான் துரை. ‘என்ட’ எண்டன். ‘அப்ப மத்தக் கால் செருப்பெல்லாம் எங்க?’ எண்டான். ‘மத்தக் கால நீங்க காட்டுங்க, செருப்ப நான் காட்டுறன்’ எண்டன். அதுக்குப் பிறகு மனுசன் செருப்புக் கதையே எடுக்கல்ல.”

தலைமைக் கிளாக்கர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அப்ப ஏன் நானா என்ர சப்பாத்தைப் போட்டனீங்கள்?”

நானா குனிந்து சப்பாத்தை இழுத்தார். வரவில்லை. நான் உட்கார்ந்து இழுத்தேன். வந்தபோது குதியின் தோலும் கூடவே வந்தது. விரல்களெல்லாம் கொப்புளம்.

“உள்ளுக்குப் பேர் கிடக்குத் தம்பி,” என்றார். “ஆக்கள் படலையைத் திறக்கக்குள்ள அதுதான் ஞாபகம் வந்திச்சு. எங்க ஒளிக்கிற? காலுக்குக் கீழ வெச்சா ஒருத்தனும் பாக்கமாட்டான். ஆனா இது என்ன கால் உங்கட, சின்னப் புள்ளைட காலா? காலைலருந்து உசிர் போகுது.”

நான் என் காலில் இருந்த பொய்க் காயக்கட்டை அவிழ்த்து அவர் காலில் சுற்றினேன். அவர் கையை நீட்டினார்.

“புத்தகத்தைத் தாங்க. கடல்ல போட வந்த மாதிரிக் கிடக்கு. வெளிய இருந்ததாலதான் இது தப்பிச்சிது. இனி உங்கட ஊடுகள்ல கிடக்கிறதுதான் என்ட மிச்சம்.”

இருவரும் கொடுத்தோம். அவர் தலைமைக் கிளாக்கரைப் பார்த்து, “உங்கட செருப்பை வந்து எடுத்துக்கங்க,” என்றார். என்னுடையதை என் கையில் தந்தார். வைத்திருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

“ஏலா. புத்தகம் வந்தா சப்பாத்துப் போகணும். நாளைக்கு வாங்க. உங்களுக்குப் பிடிச்ச கொலை ஒண்டு தபால் கட்டுறவரிட்டக் கிடக்கு.”

அந்த வருடமே எனக்கு நியமனம் நிரந்தரமானது. புதுச் சப்பாத்து வாங்கப் போனேன். கடைக்காரர் என் காலைப் பார்த்தார், நான் எடுத்த சப்பாத்தைப் பார்த்தார்.

“ஐயா, இது உங்களுக்குப் பெரிசு. குதி கழலுது.”

“பரவாயில்லை, கட்டும்,” என்றேன்.

பென்சன் எடுக்கும்வரை முன்பக்கத்தில் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் நடந்தேன். நானாவுக்கு இனிமேல் கடிக்கக் கூடாது.