நாலாவது குரலின் மைக்

மனித குலத்தின் ஒலிப்பதிவு வரலாற்றில் மிக முக்கியமான நாள் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். மனித குலத்துக்கு இது தெரியாததால் அது வழக்கம்போலத் தூங்கிக் கொண்டிருந்தது. தெரிந்த ஒரே மனிதர் ஒரு வங்கியின் கிளை மேனேஜர். அவர் குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தின் மறைவில் மைத்துனனோடு செல்போனில் பேசிக் கொண்டிருந்தார்.

"எவ்வளவு ஆனாலும் விடாதே. புரிஞ்சுதா?"

"எதை அத்தான்?"

"மைக்கைடா. நேத்து அவ்வளவு நேரம் சொன்னேனே."

"ஆமா ஆமா, மைக்கு. அங்க என்ன அத்தான், மழையா?"

மேனேஜர் போனை வைத்துவிட்டு வாளியின் விளிம்பில் உட்கார்ந்தார். மைத்துனன் நல்லவன். ஆனால் தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவன். இப்படிப்பட்டவன் கையிலா அப்பாவை ஒப்படைப்பது?

அப்பா காலமாகி வெகு காலம் ஆகிவிட்டது. இப்போது ஒப்படைக்க இருந்தது அவருடைய மைக். ஊரில் ஒரு பழைய ஒலிப்பதிவுக் கூடத்தை இழுத்து மூடியிருந்தார்கள். அங்கே கிடந்த ஸ்பூல் டேப் இயந்திரங்கள், காது கிழிந்த ஹெட்போன்கள், மெத்தை வெளிவந்த நாற்காலிகள் எல்லாம் அன்றைக்கு ஏலம். மேனேஜரின் அப்பா அந்தக் கூடத்தில் கோரஸ் பாடியவர். பாடகர் பல்லவியை முடித்து மூச்சு வாங்கும்போது பின்னாலிருந்து "ஆ" என்று ஒரு கூட்டம் எழும் அல்லவா, அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

அந்த ஒரு "ஆ"வை வைத்து மேனேஜர் ஒரு சாம்ராஜ்யமே கட்டியிருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் உட்கார வைத்து, இசைத்தட்டைச் சுழலவிட்டு, விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார். "இப்ப வரும் பாருங்க. அதோ. நாலாவது குரல். அதுதான் அப்பா." வந்தவர்கள் தலையாட்டுவார்கள். ஆட்டாமல் எழுந்துபோக வழியில்லை. தண்ணீர் கேன் போடுகிறவர் மட்டும் ஒருமுறை, "எனக்கு மூணுதான் சார் கேக்குது" என்றார். அடுத்த வாரம் மேனேஜர் வேறு தண்ணீர் கம்பெனிக்கு மாறினார்.

அப்பா அந்த மைக்கின் முன்னால் கண்ணை மூடி வாயைத் திறந்து நிற்கிற புகைப்படம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. மைக்கின் இடது விலாவில் ஒரு நசுங்கல். ஏலச் சாமான்களின் படங்களில் அதே நசுங்கலைப் பார்த்தபோது மேனேஜருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாதபடி அவரே செய்து வைத்திருந்தார். கைப்பிடி இல்லாத கிராமபோனை வாங்கி வந்தபோது "அப்பா தொட்டது" என்றார். பேசாத டேப் ரெக்கார்டரைத் தூக்கி வந்தபோதும் அதையே சொன்னார். பரணை நிரப்பிய ஸ்பூல் இயந்திரத்துக்கும் அதே வசனம்தான்.

"உங்கப்பா அங்க பாடினாரா, இல்ல சாமான் தூக்கினாரா?" என்று கேட்டாள் மனைவி. இனி ஒரு பழைய சாமான் வாசலைத் தாண்டி உள்ளே வந்தால், தான் அதே வாசலைத் தாண்டி அக்கா வீட்டுக்குப் போய்விடுவதாக அறிவித்தாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

ஆகவே மேனேஜர் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, தன் கிளையின் கேஷியரைக் கூப்பிட்டார். கேஷியர், சொன்ன சொல்லைச் சட்டமாக எடுத்துக் கொள்கிறவர். ஆபீசில் தீப்பிடித்தபோதுகூட, மேனேஜர் வந்து உத்தரவு கொடுக்கும்வரை கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நீங்க எனக்காக ஏலம் கேக்கறது யாருக்கும் தெரியக் கூடாது. என்னைப் பார்த்தாக்கூடத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது."

"சரிங்க சார்."

"எவ்வளவு ஏறினாலும் விடக் கூடாது. என் வீட்டுக்காரி பக்கத்துல இருந்தா எனக்குப் பயம் வந்துடும், நானே வந்து நிறுத்துங்கன்னு சொல்லுவேன். சொன்னாலும் கேக்காதீங்க."

"சரிங்க சார். நீங்க சொன்னாலும் கேக்க மாட்டேன்."

மேனேஜர் நிம்மதியாகக் குளித்துவிட்டு வெளியே வந்தார். மனைவி செருப்பு போட்டுக்கொண்டு தயாராக நின்றாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"நீங்க எங்கயோ அங்கதான்."

"நான் சும்மா ஏலம் நடக்குது, பார்க்கலாம்னு..."

"பார்க்கறதுதானே. நானும் பார்க்கறேன். உங்க கையையும் பார்த்துக்கறேன்."

ஏலக் கூடத்தில் சாமான்களை நீள மேசைகளில் பரப்பி வைத்திருந்தார்கள். மேனேஜர் மைக்கின் பக்கமே திரும்பாமல், ஒரு நாற்காலியின் உடைந்த காலை வெகு ஆர்வமாக ஆராய்ந்தார். அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டது. ஹோட்டல் முதலாளி ஒருவர் மைக்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துக் கொண்டிருந்தார்.

"உள்ளே இருக்கறதையெல்லாம் சுரண்டி எடுத்துட்டு ஒரு பல்பைப் போட்டா, கை கழுவற இடத்துல வெக்க நல்ல விளக்கா இருக்கும்" என்றார் தன் கூட்டாளியிடம்.

மேனேஜர் உடைந்த காலை விட்டு நிமிர்ந்தார். அப்பாவின் குரல் போன பாதையில் பல்பு. அதுவும் கை கழுவும் இடத்தில்.

போன் அதிர்ந்தது. மைத்துனன் செய்தி அனுப்பியிருந்தான்: வண்டி பஞ்சர், வர முடியாது. போகட்டும், கேஷியர் இருக்கிறார். நடு வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். மேனேஜர் லேசாகப் புன்னகைத்தார். கேஷியர் முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக் கொண்டார்.

"உங்க கேஷியர் மாதிரி இல்ல?" என்றாள் மனைவி.

"உலகத்துல ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்களாம்."

மைக் மேடைக்கு வந்தது. ஏலக்காரர் ஆரம்ப விலையைச் சொன்னார். ஹோட்டல் முதலாளி கையைத் தூக்கினார். கேஷியரும் தூக்கினார். முதலாளி மறுபடி தூக்க, கேஷியர் கையை இறக்கவே இல்லை. விளக்குக்கு இவ்வளவு தேவையா என்று முதலாளி ஒரு கணம் யோசித்தார். கைகளைக் கட்டிக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

"ஒரு தரம்" என்றார் ஏலக்காரர்.

மேனேஜர் கண்ணை மூடிக் கொண்டார்.

"ரெண்டு தரம்."

கதவு படாரென்று திறந்தது. சட்டையெல்லாம் கிரீஸோடு மைத்துனன் உள்ளே ஓடி வந்து, நின்ற இடத்திலிருந்தே இரண்டு கையையும் தூக்கினான். "எனக்கு. எவ்வளவு ஆனாலும்."

ஏலக்காரர் தன் தொழிலில் இதுவரை கேட்டறியாத வார்த்தைகளைக் கேட்டு மலர்ந்தார். கேஷியர் திரும்பிப் பார்த்தார். எதிரி. கையை இன்னும் உயர்த்தினார்.

விலை ஏறியது. மைத்துனனுக்குக் கேஷியரைத் தெரியாது. கேஷியருக்கு மைத்துனனைத் தெரியாது. இருவருக்கும் மேனேஜரைத் தெரியும். ஆனால் மேனேஜரைப் பார்க்கக் கூடாது என்று ஒருவருக்கு உத்தரவு, பார்க்கும் பழக்கமே மற்றவனுக்கு இல்லை. விலைக்கு வாங்க வந்த ஹோட்டல் முதலாளி டீ வரவழைத்துக் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"என் தம்பி இங்க என்ன பண்றான்?" என்றாள் மனைவி.

மேனேஜரால் தாங்க முடியவில்லை. போதும், நிறுத்து என்று மைத்துனனைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"கடைசி வரிசை, கண்ணாடி போட்ட ஐயா" என்றார் ஏலக்காரர். "மூணு பேர் மோதறாங்க. இது சாதாரண மைக் இல்லைன்னு அப்பவே நினைச்சேன்."

"எதுக்குக் கையைத் தூக்கினீங்க?"

"ஈ."

"ஈயை ஏலத்துலயா எடுப்பாங்க?" என்ற மனைவி, கணவன் அப்படி எதைப் பார்த்து வேர்க்கிறார் என்று மேடையை உற்றுப் பார்த்தாள். கண் சுருங்கியது. பிறகு விரிந்தது.

"என்னங்க. அது மாமாவோட மைக் இல்ல?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக் கொண்டார்.

"இடது பக்கம் நசுங்கியிருக்கு பாருங்க. அந்த போட்டோவைத் தினம் துடைக்கறது நான். எனக்குத் தெரியாதா? கண்ட கண்ட குப்பையையெல்லாம் மாமா தொட்டதுன்னு தூக்கிட்டு வருவீங்க, நிஜமா ஒண்ணு வந்தா சும்மா உக்காந்திருக்கீங்க. தூக்குங்க கையை."

கல்யாணமான நாளிலிருந்து மேனேஜர் இப்படியொரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார். வேறொரு சந்தர்ப்பமாக இருந்திருந்தால் அழுதிருப்பார். "வேண்டாம், அது வந்து..." என்று இழுத்தார். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் தானே தூக்கினாள்.

"கடைசி வரிசை ஐயா, அம்மா" என்றார் ஏலக்காரர்.

கேஷியர் கேட்டார். மைத்துனன் கேட்டான். மனைவி மறுபடி கணவன் கையைத் தூக்கினாள்.

"உங்க கேஷியர் மாதிரி இருக்கற அந்த ஆள் யாருங்க? விடவே மாட்டேங்கறான். கடன்காரன் மாதிரி இருக்கான்."

"அது நம்ம ஆள்தான்."

"எது?"

"ரெண்டு பேருமே."

மனைவி அவரைப் பார்த்த பார்வையை இங்கே விவரிப்பதற்கில்லை. எழுந்தாள். நேராக நடந்து போய்த் தம்பியின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"உக்காருடா."

"அக்கா, அத்தான்தான் விடாதேன்னு..."

"நான் உக்காருன்னு சொல்றேன்."

மைத்துனன் தரையிலேயே உட்கார்ந்தான். அதற்குள் மேனேஜர் நாற்காலிகளுக்கு நடுவே குனிந்து ஓடிக் கேஷியரை அடைந்திருந்தார்.

"நிறுத்துங்க. இப்ப கேட்டிருக்கறது நான்தான்."

கேஷியர் நேராக மேடையைப் பார்த்தபடி உதடு அசையாமல் பேசினார். "நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது சார்."

"உத்தரவை மாத்தறேன்யா. வீட்டுக்காரியே சம்மதிச்சுட்டா."

"இப்படித்தான் வந்து சொல்லுவீங்கன்னு காலையிலேயே சொல்லிட்டீங்க சார்" என்ற கேஷியர், மேனேஜர் கேட்டிருந்த விலைக்கு மேல் கம்பீரமாக இன்னொரு விலை கேட்டார்.

"ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்."

சுத்தியல் விழுந்தது. கூடம் கைதட்டியது. ஹோட்டல் முதலாளி எழுந்து வந்து கேஷியரின் கையைக் குலுக்கினார்.

ஒழுகும் மொட்டை மாடியைச் செப்பனிட வைத்திருந்த பணம் அப்படியே பணம் கட்டும் ஜன்னலுக்குள் போனது. மேனேஜர் பயத்தோடு மனைவியைப் பார்த்தார்.

"ஒழுகற இடத்துல வாளி வெச்சுக்கலாம்" என்றாள். மைக்கைக் கையில் வாங்கி முந்தானையால் துடைத்தாள். "கூடத்துல போட்டோவுக்குக் கீழே வெப்போம். ஆனா இனிமே நாலாவது குரல்னு தண்ணி கேன்காரரையெல்லாம் பிடிச்சு உக்கார வெக்கக் கூடாது."

"மாட்டேன்" என்றார் மேனேஜர். அந்தக் கணத்தில் அது உண்மை.

கேஷியரும் மைத்துனனும் சற்றுத் தள்ளி நின்று ஒருவரை ஒருவர் முறைத்துக் கொண்டிருந்தார்கள். அப்போது கைப்பையும் குடையுமாக ஒரு வயதான அம்மாள் மெதுவாக நடந்து வந்து, மைக்கைப் பார்த்து நின்றார்.

"அவரோட மைக்தானே இது?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மேனேஜர்.

"நானும் அங்க கோரஸ் பாடினவதான் தம்பி. அவர் பக்கத்துலதான் நிப்பேன். பழைய சாமானெல்லாம் யார் கைக்குப் போகுதுன்னு பார்க்க வந்தேன். நீங்க பையனா? அதே மூக்கு."

மேனேஜர் மூக்கைத் தொட்டுக் கொண்டார்.

"அவரைப் போல ஒரு மனுஷன் இனிமே பொறந்துதான் வரணும்" என்றார் அந்த அம்மாள். "யாருக்கு உடம்பு சரியில்லைன்னாலும் முதல்ல வந்து நிப்பார். விடியற்காலையில எங்களுக்குக் குரலே எழும்பாது. இவர் ஏதாவது சொல்லிச் சிரிக்க வெப்பார், எல்லாருக்கும் தொண்டை திறந்துக்கும். அவர் வராத அன்னைக்கு ரெக்கார்டிங்கே வேண்டாம்னு இசையமைப்பாளர் சொல்லிடுவார்."

"எல்லாப் பாட்டுக்கும் இதே மைக்தானாம்மா?" என்று கேட்டாள் மனைவி.

"இதேதான். அவர் முன்னாடி மட்டும்தான் இதை வெப்பாங்க. வேற யாராவது தெரியாம இது பக்கம் வந்து நின்னா, ஒலிப்பதிவாளர் ஓடி வந்து நகர்த்தி விட்டுடுவார்."

மேனேஜர் மைக்கை மனைவியின் கையிலிருந்து வாங்கிக் கொண்டார். "கேட்டியா? அப்பாவுக்குன்னே தனி மைக்" என்றார் மனைவியிடம். கேஷியர் பக்கம் திரும்பி, "தனி மைக்காம்" என்றார். இந்த வெற்றியில் தன் பங்கை உணர்ந்த கேஷியர் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

"இப்பவும் வேலை செய்யுமாம்மா?"

அந்த அம்மாள் நசுங்கல் இருந்த இடத்தைப் பிரியமாகத் தடவிக் கொடுத்தார்.

"எப்பவுமே வேலை செஞ்சதில்ல தம்பி. அதனாலதான் அவருக்குன்னு வெச்சிருந்தாங்க."